கதைக்கு முன் ஒரு சுவர்

(தென்காசியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குழந்தை இலக்கியத்துக்கென்று ஏற்படுத்தப்பட்ட அறக்கட்டளை இது. பழைய மாயக்கதைகளைப் புதிதாகச் சொல்ல விரும்புகிறவர்கள் படங்களைத் திரட்டி வைத்துக்கொண்டு திட்டமிடுவது எப்படி, அதனால் கதைக்கு என்ன ஆதாயம் என்பதை இன்று பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன். சினிமாக்காரர்களும் விளம்பரக்காரர்களும் இதற்கு மூட் போர்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு சாஃப்ட் போர்டிலோ தெர்மாகோல் அட்டையிலோ புகைப்படம், பத்திரிகைத் துணுக்கு, துணித்துண்டு, காய்ந்த இலை, கையால் வரைந்த படம் எல்லாவற்றையும் குண்டூசியால் குத்தி வைத்து, அதைப் பார்த்துப் பார்த்துக் கதையை யோசிப்பார்கள். நான் இதைப் படப்பலகை என்றே சொல்லப் போகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கதையைத் திரும்பச் சொல்பவருக்குக் கதை ஏற்கெனவே கையில் இருக்கிறது. அவரிடம் இல்லாதது இடம். எந்த மண்ணில், எந்த மாதத்தில், எந்தப் பொருள்களுக்கு நடுவே இது நடக்கிறது என்று முடிவு செய்யாதவரை மறுகதை பிறக்காது. அந்த முடிவுகளை எடுக்க வைப்பதுதான் படப்பலகையின் வேலை. நம் பலகையில் அடுத்தவர் ஊர்ப் படங்கள் நிறைந்திருந்தால் கதையும் அடுத்தவர் ஊர்க் கதையாகத்தான் வரும். இதைச் சொல்லத் தென்காசியையும் குற்றாலத்தையும் விட வசதியான ஊர் எனக்குத் தெரியவில்லை.

சித்திர சபை

நடராசப் பெருமானுக்கு ஐந்து சபைகள் என்பது இங்குள்ள குழந்தைக்கும் தெரியும். தில்லையில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், திருவாலங்காட்டில் இரத்தினம், குற்றாலத்தில் சித்திரம். மற்ற ஊர்களில் ஆடவல்லானைத் திருமேனியாகக் கும்பிடுகிறோம். இங்கே சுவரோவியமாகக் கும்பிடுகிறோம். குற்றாலநாதர் கோயிலிலிருந்து சற்றே விலகி, முன்னால் ஒரு தெப்பக்குளத்தோடு நிற்கிறது அந்தச் சபை. மரவேலைப்பாடும் செப்புத் தகடு வேய்ந்த கூரையும் கொண்ட கட்டடம். உள்ளே சுவரெல்லாம் ஓவியம். ஆடல்வல்லானைச் சுற்றித் திருவிளையாடற் காட்சிகளும், தேவியின் வடிவங்களும், பைரவ வடிவங்களும் நிறைந்திருக்கின்றன. மார்கழித் திருவாதிரைக்கு இங்கே தாண்டவ தீபாராதனை நடக்கும்போது ஊரே திரண்டு வரும். மற்ற நாட்களில், அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு பஸ் ஏற ஓடுகிற கூட்டத்தில் பாதிப்பேர் இந்தப் பக்கம் திரும்புவதில்லை.

அந்தச் சுவரைப் பக்தியோடு பாருங்கள். ஒருமுறை தொழில் கண்ணோடும் பாருங்கள். திருவிளையாடல் கதை ஒவ்வொன்றும் ஓவியருக்கும் தெரியும், பார்க்க வந்தவருக்கும் தெரியும். பிட்டுக்கு மண் சுமந்த கதையில் வந்தி இருக்கிறாள், வைகை வெள்ளம் இருக்கிறது, பாண்டியனின் பிரம்படி இருக்கிறது, எல்லார் முதுகிலும் விழுந்த அடி இருக்கிறது. அத்தனையையும் சுவரில் ஏற்ற இடம் கிடையாது. ஓவியர் ஒரு நொடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நொடியில் யார் எங்கே நிற்கிறார், கூடை எந்தக் கையில், கரையில் எத்தனை பேர், பின்னால் என்ன மரம் என்றெல்லாம் முடிவு செய்தாக வேண்டும். வாயால் சொல்பவர் ‘வைகையில் வெள்ளம் வந்தது’ என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். ஓவியர் அப்படித் தப்பிக்க முடியாது. வெள்ளத்துக்கு ஒரு நிறம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

திருநெல்வேலிச் சீமையில் இப்படிப்பட்ட இடம் இது ஒன்றே என்று நினைத்துவிட வேண்டாம். திருப்புடைமருதூர்க் கோயிலின் இராசகோபுரத்துக்குள் ஏறினால் நிலைக்கு நிலை சுவரோவியமும் மரச்சிற்பமும் இருக்கின்றன. இராசத்தானத்தில் பட் என்ற துணிச் சித்திரத்தை விரித்து வைத்து இரவு முழுக்கக் கதை பாடுவார்கள். வங்காளத்துப் பட்டுவாக்கள் சுருளை ஒவ்வொரு கட்டமாக அவிழ்த்துப் பாடுவார்கள். படத்தை முன்னால் வைத்துக் கதையைப் பின்னால் கொண்டுவருவது நமக்குப் பழகிய காரியம்தான்.

சிங்கியின் முறை

அடுத்த சான்றுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. மேலகரம் வரை போனால் போதும். திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். அவர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சிக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் நிலம் கொடுத்தார், அதற்குக் குறவஞ்சி மேடு என்று பெயர் என்பது இந்த ஊர் வரலாறு. அந்த நூலின் நயத்தைப் பேச இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் அதன் அமைப்பில் ஒரே ஒரு சங்கதியைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

வசந்தவல்லி காதல் நோயில் வாடிக் கிடக்கிறாள். குறி சொல்லச் சிங்கி வருகிறாள். வந்தவள் உடனே கையைப் பிடித்துப் பலன் சொல்லிவிடுகிறாளா? இல்லை. தன் மலை எப்படிப்பட்டது, அங்கே குரங்கும் அருவியும் மேகமும் என்ன செய்கின்றன, தன் நாடு எது, தன் சாதிசனம் எப்படி வாழ்கிறது என்று சொல்லி முடித்த பிறகுதான் குறிக்கு வருகிறாள். இடத்தை முதலில் நிறுத்திவிட்டுக் கதையைப் பிறகு தொடங்குகிறாள். கேட்பவளுக்கு நம்பிக்கை வருவது அந்த மலையினால்தான்.

நூலின் பிற்பகுதி இன்னும் சுவையானது. சிங்கியைக் காணாமல் தேடி அலைந்த சிங்கன் அவளைக் கண்டுபிடிக்கிறான். அவள் உடம்பெல்லாம் புது நகை. காலில் கிடப்பது என்ன, இடுப்பில் கிடப்பது என்ன, கழுத்தில் கிடப்பது என்ன என்று சந்தேகத்தோடு ஒவ்வொன்றாகக் கேட்கிறான். அவளும் ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறாள். குறி சொல்லிப் பெற்ற பரிசுகள் அவை. அவள் இத்தனை நாள் எங்கெல்லாம் போனாள், எப்படியெல்லாம் பிழைத்தாள் என்ற பயணக்கதை முழுவதும் அந்த நகைகளைத் தொட்டுத் தொட்டே வெளிவருகிறது. ஒரு பொருளைக் காட்டி, அதிலிருந்து ஒரு கதையை இழுப்பது என்ற உத்தியை இதைவிட அழகாக யாரும் செய்துகாட்ட முடியாது. படப்பலகையில் குத்தி வைக்கும் ஒவ்வொரு படமும் சிங்கியின் நகையைப் போல வேலை செய்ய வேண்டும். ‘இது என்ன, எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டால் பதில் கிடைக்க வேண்டும். பதில் இல்லாத படத்தைப் பிடுங்கிவிடலாம்.

கதை தராமல் விட்டது

மாயக்கதைகளுக்கு இது ஏன் அதிகம் தேவைப்படுகிறது? அவை எலும்பும் தோலுமாகச் சொல்லப்படுகிறவை. சுவிட்சர்லாந்து அறிஞர் மாக்ஸ் லூத்தி 1947இல் ஐரோப்பிய நாட்டார் கதைகளைப் பற்றி எழுதிய நூலில் இதைக் கவனமாக எடுத்துக் காட்டினார். அந்தக் கதைகளில் காடு என்றால் காடு. என்ன மரம் என்று யாரும் சொல்வதில்லை. இளவரசி அழகி, எப்படி அழகி என்பது கிடையாது. நம் கதைகளும் அப்படித்தான். 1880களில் பண்டித நடேச சாஸ்திரி திரட்டிய கதைகளை எடுத்தாலும், இடைசெவல் கி. ராஜநாராயணன் வாழ்நாள் முழுக்கச் சேகரித்த நாட்டுப்புறக் கதைகளை எடுத்தாலும், உங்கள் மாவட்டத்துக் கழுநீர்குளத்தைச் சேர்ந்த கழனியூரன் செவக்காட்டு மக்களிடம் கேட்டு எழுதிய கதைகளை எடுத்தாலும், ‘ஒரு ஊர்ல ஒரு ராசா’ என்று தொடங்கினால் எந்த ஊர், என்ன ராசா என்று கதை நின்று விளக்குவதில்லை. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் ஒரே ஊர். அதனால் விளக்கம் தேவைப்படவில்லை. திண்ணையில் கேட்ட குழந்தைக்குக் குளம் என்றால் தன் ஊர்க் குளம்தான்.

இன்று நம் வாசகக் குழந்தை அடுக்குமாடி வீட்டில் இருக்கிறது. திண்ணை தந்ததை எழுத்து தர வேண்டியிருக்கிறது. திரும்பச் சொல்பவரின் சுதந்திரமும் அந்தக் காலி இடத்தில்தான் இருக்கிறது. சிண்ட்ரெல்லா கதையையே பாருங்கள். பிரான்சில் பெரோ 1697இல் சொன்னபோது செருப்பு கண்ணாடி. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்களிடம் அது பொன். சீனத்தில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்த யெ சியன் கதையிலும் பொற்செருப்புதான், ஆனால் உதவி செய்வது தேவதை இல்லை, ஒரு மீனின் எலும்புகள். ஏ.கே. ராமானுஜன் கன்னடத்திலிருந்து எடுத்துக்காட்டிய ஹஞ்சி கதையில் செருப்பே இல்லை. பெண் தன் பொன்முடியையும் அழகையும் மறைக்க மண்ணால் செய்த முகமூடி போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறாள். கதையின் எலும்பு ஒன்று. கையில் எடுத்த பொருள் வேறு. பொருள் மாறிய உடனே பெண்ணும் மாறிவிடுகிறாள். கண்ணாடிச் செருப்புக்காரி கண்டுபிடிக்கப்படக் காத்திருக்கிறாள், மண் முகமூடிக்காரி ஒளிந்து வாழ்கிறாள்.

இரண்டு வெளியூர்ச் சான்றுகள்

சத்யஜித் ராயை எல்லாரும் இயக்குநராக அறிவோம். அவர் அதற்கு முன்னால் விளம்பர நிறுவனத்தில் ஓவியர், புத்தக அட்டை வரைந்தவர். ‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் சிறுவர் பதிப்புக்கு 1940களில் படம் வரைந்தார். அந்தப் படங்களில் சில பிறகு சினிமாவில் காட்சிகளாக வந்தன. வங்காளத்துக் கடைக்காரர்கள் கணக்கெழுதும் சிவப்புத் துணி அட்டை நோட்டுகளைத்தான் அவர் தம் படங்களுக்கான குறிப்பேடாக வைத்திருந்தார். அதில் வசனம் ஓரமாக இருக்கும். நடுவில் தலைப்பாகை, செருப்பு, நாற்காலி, முகம், காட்சிக் கோணம்.

அவர் தாத்தா உபேந்திரகிஷோர் எழுதிய பேய்க்கதை ஒன்றை 1969இல் ‘கூப்பி கைன் பாகா பைன்’ என்று படமாக்கினார். பாடத் தெரியாத பாடகனுக்கும் அடிக்கத் தெரியாத கொட்டுக்காரனுக்கும் பேய்களின் அரசன் வரம் கொடுக்கும் கதை. மூலக்கதையில் பேய்கள் வந்து ஆடின என்பதற்கு மேல் அதிகம் இல்லை. படத்தில் அது ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் கூத்து. எந்தப் பேய், என்ன உடை, என்ன நடை என்று வரைந்து பார்த்த பிறகு ராயின் பேய்கள் நான்கு கூட்டமாகப் பிரிந்தன: அரசர்கள், குடியானவர்கள், வெள்ளைக்காரர்கள், தொந்திக்காரர்கள். வங்க மண்ணில் செத்துப்போன அத்தனை வகை ஆட்களும் அதில் வந்துவிட்டார்கள். நான்கு கூட்டத்துக்கும் நான்கு வாத்தியம் தேவைப்பட்டது. அதற்கு அவர் தேடி வந்தது நம் பக்கம்: மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங். ‘பேய்கள் ஆடின’ என்ற வரி, வரையத் தொடங்கியதும் ஒரு நாட்டின் வரலாறாக விரிந்தது.

அடுத்து வால்ட் டிஸ்னி. அவருடைய ஸ்டுடியோவில் வெப் ஸ்மித் என்பவர் காட்சிகளைத் தனித்தனித் தாளில் வரைந்து வரிசையாகப் பலகையில் குத்தி வைத்தார். இன்று உலகம் முழுக்கச் சினிமாக்காரர்கள் பயன்படுத்தும் ஸ்டோரிபோர்டு அப்படித்தான் வந்தது. 1933இல் வெளிவந்த ‘மூன்று பன்றிக்குட்டிகள்’ அந்த முறையில் முழுதாகத் திட்டமிடப்பட்டது. 1935இல் டிஸ்னி ஐரோப்பா போய்வந்தபோது நூற்றுக்கணக்கான படப் புத்தகங்களை வாங்கி வந்தார். 1937இல் வந்த ‘ஸ்நோ ஒயிட்’ படத்துக்குச் சூழல் ஓவியங்கள் வரைந்தவர்களில் ஆல்பர்ட் ஹர்ட்டர் சுவிட்சர்லாந்துக்காரர், குஸ்தாவ் டெங்ரன் ஸ்வீடன்காரர். குள்ளர்களின் குடிசையும், முறுக்கிக்கொண்டு நிற்கும் மரங்களும், மரச்செதுக்கல் கட்டிலும் அவர்கள் கண்ணும் கையும் பழகிய ஊர்களிலிருந்து வந்தவை. அதனால்தான் அந்தப் படம் உயிரோடு இருக்கிறது.

இங்கேதான் நமக்கான பாடம் இருக்கிறது. டிஸ்னியின் ஓவியர்கள் தங்கள் ஊரை வரைந்தார்கள். நாம் அவர்கள் ஊரை வரைந்துகொண்டிருக்கிறோம். நம் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் இளவரசிக்குப் போடும் கவுனைப் பாருங்கள், குழந்தைப் புத்தகங்களில் அரண்மனைக்கு வைக்கும் கூம்புக் கோபுரத்தைப் பாருங்கள். இந்த ஊரில் 1446இல் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த காசி விசுவநாதர் கோயில் மண்டபத்தில் ரதியும் மன்மதனும் வீரபத்திரரும் தூணோடு தூணாக ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறார்கள். ரதியின் இடையணி, கைவளை, கொண்டைப் பின்னல், மடிப்பு மடிப்பான ஆடை எல்லாவற்றையும் தொட்டுவிடும் தூரத்தில் பார்க்கலாம். ஓர் இளவரசிக்கு வேண்டிய நகைப்பெட்டி முழுவதும் அங்கே இருக்கிறது.

நம் பத்திரிகை உலகில் இதைச் செய்துகாட்டியவர்களும் இருந்தார்கள். 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில் 1950களின் தொடக்கத்திலிருந்து வரைந்த ஓவியர் சங்கர், தோளில் உடலைச் சுமந்து கையில் வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை வரைந்தார். பல மொழிக் குழந்தைகளுக்கும் வேதாளம் என்றால் அந்தப் படம்தான். 2020இல் அவர் மறைந்தபோது நாடு முழுக்க அந்தப் படத்தையே வைத்து அஞ்சலி செலுத்தினார்கள். ஒரு நல்ல படத்துக்கு எவ்வளவு பலம் என்பதற்கு அது சான்று. அதன் ஆபத்துக்கும் அதுவே சான்று. இன்று வேதாளக் கதையைப் புதிதாகச் சொல்ல நினைப்பவர் அந்த முருங்கை மரத்தையும் அந்த வாளையும் மறப்பது பெரும்பாடு.

ஒரு கதை, ஒரு பலகை

இனி ஒரு கதையை எடுத்துப் பலகையில் போட்டுப் பார்ப்போம். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு மரப்பொந்தில் ஒரு கிளி. அந்தக் கிளிக்குள் அரக்கனின் உயிர். அவன் சிறைபிடித்து வைத்திருக்கும் பெண்ணை மீட்க ஒரு பையன் போகிறான். வழியில் பூக்கட்டும் கிழவி ஒருத்தி சோறு போட்டு வழி சொல்கிறாள். இந்த அவையில் இதைக் கேட்டிராதவர் இருக்க மாட்டார்.

இதைத் தென்காசி மண்ணில் வைக்கப் போகிறோம். பலகையை நான்காகப் பிரித்துக்கொள்வோம்: இடம், பொருள், ஆள், மாதம். கடைசிப் பகுதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மாயக்கதையில் மாதம் எதற்கு என்று நினைப்பார்கள். என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

ஏழு மலைக்குக் குற்றாலத்துக்குப் பின்னால் மேகம் மூடிய மலைத்தொடர் இருக்கிறது. ஒரு மலைக்குப் பின்னால் இன்னொரு மலை வெளிறித் தெரியும் படத்தைப் பேருந்து நிலையத்துப் பக்கமிருந்தே எடுத்துவிடலாம். ஏழு கடலுக்கு என்ன செய்வது? இங்கே கடல் இல்லை. ஆனால் குளம் இருக்கிறது. ஒன்று நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும் குளங்கள். கடலைப் பார்த்திராத சிறுவனுக்கு, பெருகிக் கிடக்கும் குளம் கடல்தான். ஆக, பையன் கிழக்கே, சுரண்டைப் பக்கத்துச் செவக்காட்டில் பனைமரங்களுக்கு நடுவே பிறந்தவன். ஏழு குளக்கரையாக மேற்கே நடக்கிறான். சிவப்பு மண் கருத்து, பனை குறைந்து தென்னை வந்து, வயல் வந்து, கடைசியில் காடு வருகிறது. ஒரு டவுன் பஸ் ஓடும் தூரத்துக்குள் இத்தனை நிலமாற்றம் கிடைப்பது கதை சொல்பவருக்குக் கிடைத்த வரம்.

இப்போது மாதத்தைக் குறித்துப் பாருங்கள். கிழக்கத்திக் குளங்கள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் காத்திருப்பவை. குளம் பெருகிக் கிடக்கும் படம் கார்த்திகைப் படம். அருவி கொட்டும் படமோ ஆனி, ஆடிப் படம்; செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று சாரலைக் கொண்டுவரும் காலம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் குத்தி வைத்ததும் பலகை கேள்வி கேட்கிறது: கார்த்திகையில் கிளம்பிய பையன் ஆனி வரை என்ன செய்தான்?

மூன்றாவது படம் கிளி. நம் தெருவோரத்துப் பச்சைக்கிளியை வைக்கலாம். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய கிளி ஒன்று இருக்கிறது. உடம்பு நீலச் சாம்பல் நிறம், இறக்கையில் நீலம், நீண்ட நீல வால். வேறெங்கும் இல்லாத பறவை. அரக்கன் உயிரை ஒளித்து வைக்க ஊர்க்கிளியை நம்புவானா, மலைக்கிளியை நம்புவானா? மலைக்கிளியைத்தான். அது பொந்தில் குஞ்சு பொரிப்பது தை முதல் பங்குனி வரை. ஆகவே கிளியைப் பொந்தில் பார்க்க வேண்டுமென்றால் பையன் பங்குனிக்குள் மலை ஏறியாக வேண்டும். பங்குனியில் அருவி வற்றி, பாறை காய்ந்து கிடக்கும். மற்ற மாதங்களில் தண்ணீர் மூடியிருக்கும் பாறை முகம் அப்போது திறந்து கிடக்கிறது. பையன் ஏறுவதற்கு வழி கிடைத்துவிட்டது. அரக்கன் மாண்ட பிறகு சாரல் வருகிறது, அருவி கொட்டுகிறது. அப்படியானால் அதுவரை தண்ணீரைப் பூட்டி வைத்திருந்தது அவன்தானோ என்ற கேள்வி தானாக எழுகிறது. மூலக்கதையில் இல்லாத ஒரு காரணம், மூன்று படங்களை அடுத்தடுத்து வைத்ததில் கிடைத்தது.

கார்த்திகைக்கும் பங்குனிக்கும் நடுவே உள்ள மாதங்கள் பூக்கட்டும் கிழவிக்கு உரியவை. இங்கே பொருள் பகுதி உதவிக்கு வருகிறது. சங்கரன்கோவில் பூச்சந்தைக்குப் போய்ப் பாருங்கள். பூக்கட்டும் நார், தண்ணீர் தெளித்த ஈரத்துணி, ஓலைப்பெட்டி, கொட்டான், விரல் மடங்கும் விதம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். பையன் அவளிடம் பூக்கட்டக் கற்றுக்கொள்கிறான். நார் முறுக்கத் தெரிந்தவனுக்குக் கயிறு திரிக்கத் தெரியும். பாறை ஏறக் கயிறு வேண்டும். கிழவி வழி மட்டும் சொல்லிவிட்டுக் காணாமல் போகும் பாத்திரமாக இனி இருக்க மாட்டாள்.

பெண்ணை அடைத்து வைத்த இடம்? கோபுரமும் பாதாளமும் வேண்டாம். திருநெல்வேலிச் சீமையின் பழைய வீடுகளில் அரங்கு வீடு உண்டு. சன்னல் இல்லாத உள்ளறை. நெல்லும் நகையும் பத்திரமாக இருக்கும் இடம். பட்டப்பகலிலும் விளக்கு இல்லாமல் நுழைய முடியாது. கனத்த கதவு, தேய்ந்த படி, பெரிய சாவி. அந்த மூன்றின் படம் போதும்.

அரக்கனின் முகத்துக்கு என்ன படம் வைப்பது? அந்த இடத்தைக் காலியாக விடுங்கள் என்பேன். அவன் வந்துபோன தடயங்களை வைக்கலாம்: ஒடிந்த கிளை, ஓடிய ஆட்டுமந்தை, அணைந்த விளக்கு. பார்க்காத முகத்துக்குத்தான் குழந்தை பயப்படும்.

பலகையால் ஆகாதவை

பலகைக்கு எல்லை உண்டு. இடமும் பொருளும் பருவமும் அது தரும். குரலைத் தராது. கதை காதால் வளர்ந்த கலை. ரசிகமணி டி.கே.சி. இதே குற்றாலத்தில் இருந்துகொண்டு, கவிதையை வாய்விட்டுச் சொல்லி அனுபவிக்கத் தமிழ்நாட்டுக்கே பழக்கினார். கி.ரா.வின் கதைகள் நிற்பது பேச்சில்தான். அதனால் பலகையில் படத்துக்குப் பக்கத்தில் கேட்ட பேச்சையும் துண்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள். ‘ஏலே, எங்கல போற?’ என்று கிழவி கேட்டால் கதை ஒரு மாதிரி போகும். ‘மகனே, எங்கே செல்கிறாய்?’ என்று கேட்டால் வேறு மாதிரி போகும். டென்மார்க் கதாசிரியர் ஆண்டர்சன் கதை சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலால் காகிதம் வெட்டுவாராம். கதை முடியும்போது மடிப்பைப் பிரித்துக் காட்டுவாராம். வாயும் கையும் சேர்ந்தே ஓடின.

நியாயத்தையும் பலகை தராது. கிளியின் கழுத்தை நெரிப்பது சரியா? குஞ்சுகளோடு பொந்தில் இருக்கும் பறவையை ஒரு பையன் கொல்வதை இன்றைய குழந்தை ஒப்புக்கொள்ளுமா? இந்தக் கேள்விக்கு எந்தப் படத்திலும் விடை இல்லை. எழுதுபவரே மனச்சாட்சியைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது எச்சரிக்கை இன்றைய காலத்துக்கு உரியது. பின்டரெஸ்டில் தேடினாலும், கேட்டவுடன் வரைந்து தரும் செயலியிடம் சொன்னாலும், மாயக்கதை என்றதும் ஊசியிலைக் காடும் பனிமலையும் முன்னால் வந்து நிற்கின்றன. அழகாகத்தான் இருக்கும். ஆனால் அது யாரோ ஏற்கெனவே எடுத்த முடிவு. அதைப் பலகையில் ஒட்டினால் யோசிக்கும் வேலையையும் சேர்த்து ஒட்டிவிட்டதாக அர்த்தம். பிறர் எடுத்த படத்தை வீட்டுப் பலகையில் வைத்துப் பார்ப்பதோடு நிறுத்துங்கள். அனுமதி இல்லாமல் புத்தகத்தில் போடுவது திருட்டு. பலகையில் பாதிக்கு மேல் நீங்களே எடுத்ததாக, நீங்களே வரைந்ததாக இருக்கட்டும். வரைய வராது என்று சொல்லாதீர்கள். கோணலாக வரைந்த அரங்குக் கதவும் கதவுதான். அதை வரைய நீங்கள் அந்தக் கதவின் முன்னால் ஐந்து நிமிடம் நின்றிருப்பீர்கள். அந்த ஐந்து நிமிடம்தான் கதைக்கு வேண்டியது.

ஒன்று சேர்த்த பிறகு குறைக்கவும் வேண்டும். ஐம்பது படம் சேர்த்தால் எழுதத் தொடங்கும் நாளில் பன்னிரண்டு நின்றால் போதும். எழுதத் தொடங்கிய பிறகு பலகையைத் திருப்பி வையுங்கள். எல்லாவற்றையும் விவரித்தே தீருவேன் என்று கிளம்பினால் கதை கண்காட்சி ஆகிவிடும்.

ஒரு வேண்டுகோள்

அவையோரிடம் மூன்று காரியங்களைக் கேட்டு முடிக்கிறேன். ஆசிரியர்களே, உங்கள் வகுப்பறையில் ஒரு சுவரை, வேண்டாம், ஒரு பலகையை மாணவர்களுக்குக் கொடுங்கள். பருவத்துக்கு ஒரு கதை என்று அவர்கள் வீட்டில் கேட்டு வந்த கதைக்குப் படம் சேர்க்கட்டும். பரீட்சையும் மதிப்பெண்ணும் அதற்கு வேண்டாம். மாணவர்களே, வீட்டில் ஆச்சியோ தாத்தாவோ இருந்தால் கதையைக் கேட்டு அவர்கள் பேச்சிலேயே எழுதி வையுங்கள். அந்தக் கதை எந்தக் குளக்கரையில், எந்தத் தெருவில் நடந்ததாக அவர்கள் மனத்தில் இருக்கிறது என்றும் கேளுங்கள். அதை இதுவரை யாரும் அவர்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, எல்லாருக்கும். அடுத்த சாரலுக்குக் குற்றாலம் போகும்போது அருவிக்கு முன்னால் சித்திர சபைக்குப் போங்கள். குழந்தையைக் கூட்டிப்போய் ஒரு சுவரின் முன் நிறுத்தி, ‘இதில் என்ன நடக்கிறது, சொல்லு’ என்று கேளுங்கள். தவறாகச் சொன்னால் திருத்தாதீர்கள். சுவரைத் தொடாதீர்கள், எண்ணெய்க் கையை வைக்காதீர்கள், பெயரைக் கிறுக்காதீர்கள். ஈரமும் புகையும் போதாதென்று நாமும் சேர்ந்து அழித்தால், அடுத்த தலைமுறைக்கு நம் ஊர்ப் படம் என்று காட்ட ஒன்றும் மிஞ்சாது. கதையில் அடுத்தவர் ஊர் அரண்மனைதான் மிஞ்சும்.